காலி மேடை முதல் காலி மேடை வரை

பறைச் சத்தம் ஒலிபெருக்கிகளில் வெடித்த பிறகுதான் இசக்கி தன் கையைப் பார்த்தாள். கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது, அதில் நான்கு பூச்சியங்கள் இருந்தன. கட்டைவிரல் பதறிப்போய்த் தானாகவே பொத்தானை அழுத்தியது. எண்கள் ஓடத் தொடங்கின, ஒன்று, இரண்டு, மூன்று, ஆனால் அவை எப்போதோ ஓடத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது அந்த மூன்றாவது விநாடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இல்லை, இருக்காது, இப்போதுதானே ஆரம்பித்தார்கள், இப்போதுதானே பாட்டு வந்தது, இப்போதுதானே பக்கவாட்டிலிருந்து ஒன்பது பெண்கள் ஓடிவந்தார்கள். ஒன்பது. குழு நடனத்துக்கு அணிக்குப் பத்துப் பேர். பத்தாவது ஆள் எங்கே என்று தேடினால் அவள் ஏற்கெனவே மேடை நடுவில் நின்றுகொண்டிருந்தாள், நீலக் கோட்டும் தலையில் முடிந்த துண்டும் கையில் துடைப்பமுமாக. அவள் இப்போது வரவில்லை. வந்து நேரமாகிவிட்டது. வந்ததிலிருந்து மேடையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இசக்கி பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. யாரோ கூட்டுகிறார்கள் என்று பார்த்தாள்.

விதி ஒன்றும் புரியாத விதி இல்லை. பல்கலைக்கழகத்து மாணவர்களே கூடி மூன்று நாள் நடத்தும் விழா, பெயர் ‘களேபரம்’, பெயருக்கேற்ற மாதிரிதான் எல்லாம் நடக்கும், ஆனால் குழு நடனத்தில் மட்டும் நேரக்கணக்கு கறார். காலி மேடை முதல் காலி மேடை வரை பத்து நிமிடம். முதல் ஆள் மேடையில் கால் வைத்தால் நேரம் தொடங்கும், கடைசி ஆள் இறங்கினால் முடியும். எட்டாவது நிமிடத்தில் மஞ்சள் கொடி, பத்தாவது நிமிடத்தில் சிவப்புக் கொடி, அதற்குமேல் ஒரு விநாடி போனாலும் அணி வெளியே. இதை நேற்று மாலை எல்லா அணித்தலைவிகளையும் உட்கார வைத்து மைக்கில் படித்துச் சொன்னவளே அவள்தான். இரண்டு அணிகளுக்கு நடுவே மேடையில் கொட்டிக் கிடக்கும் பூவையும் ஜிகினாவையும் கூட்ட ஒன்றரை நிமிடம் என்று அட்டவணையில் போட்டவளும் அவள்தான். குத்துமதிப்பாகப் போடவில்லை. நேற்று ஒத்திகையின்போது, இந்த அரங்கத்தைப் பெருக்கும் கன்னியம்மாவை ஒருமுறை மேடை முழுக்கப் பெருக்கச் சொல்லி, இதே ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்தாள். ஒரு நிமிடம் இருபத்தைந்து விநாடி. காலையிலிருந்து ஆறு அணிகள் ஆடியாயிற்று, நடுவில் ஐந்து முறையும் கன்னியம்மா நீலக் கோட்டோடு ஏறினாள், பெருக்கினாள், இறங்கினாள். தொகுப்பாளருக்கு எப்போதும் அவசரம், அவள் இறங்குவதற்கு முன்பே அடுத்த அணியை அறிவித்துவிடுவார், இரண்டு முறை அப்படி நடந்தது. ஆகவே இந்த முறையும் ‘ஏழாம் எண் அணி, மேடை உங்களுக்கு’ என்று அறிவித்த கையோடு நீலக் கோட்டு ஒன்று துடைப்பத்தோடு ஏறியபோது இசக்கி என்ன நினைக்க வேண்டுமோ அதைத்தான் நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இந்த வாக்கியத்தை அவள் மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், இரண்டாவது தடவை அது அவ்வளவு நன்றாக இல்லை.

கன்னியம்மா மேடைக்குப் பக்கத்தில் திரைச்சீலை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். கோட்டு இல்லாமல். பச்சையில் சிவப்புக் கட்டம் போட்ட சேலை. மூன்று நாளாகப் பார்க்கிற ஆள், அந்தக் கோட்டுக்குள் என்ன சேலை இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பெண்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், கோட்டையும் துடைப்பத்தையும், கன்னியம்மாவும் கொடுத்திருக்கிறாள், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, நேரம் பார்க்க வேண்டியவளுக்கு மட்டும் தெரியவில்லை. முப்பத்திரண்டு விநாடி. மேடையில் பத்துப் பேரும் குனிந்து நிமிர்ந்து சுற்றினார்கள், அரங்கம் கத்தியது. நன்றாக ஆடுகிறார்கள் போலிருக்கிறது, அவளுக்கு எதுவும் கண்ணில் ஏறவில்லை. பாட்டுக்கு முன்னால் அவள் எவ்வளவு நேரம் கூட்டினாள்? அதை மட்டும் கண்டுபிடித்துவிட்டால் போதும். கூட்டிய நேரத்தை இந்தக் கடிகார நேரத்தோடு சேர்த்தால் கணக்கு நேராகிவிடும், ஒருத்தருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஜோயல் இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. விதிப்படி நேரம் பார்க்க இரண்டு பேர், சீட்டில் இரண்டு கையெழுத்து. அவன் ஐந்தாவது அணி முடிந்ததும், அந்தப் பக்கம் மைதானத்தில் பாட்டுக் குழு ஒத்திகை நடக்கிறது, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், நீ பார்த்துக்கோ என்று போனவன், போனவன்தான். கேமராக்காரர் அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால்தான் பதிவைத் தொடங்குவார், அப்படித்தான் ஏற்பாடு, அவரும் பாட்டு கேட்டபிறகுதான் அலறியடித்துக்கொண்டு எழுந்தார். கூட்டத்தில் ஆயிரம் செல்போன் இருக்கும், இப்போது எல்லாம் மேலே தூக்கிப் பிடித்திருக்கின்றன, ஆனால் அப்போது ஒன்றும் இல்லை. குப்பை பெருக்குவதை யார் படம் எடுப்பார்கள்.

சரி, முதலிலிருந்து. ஏழாம் எண் அணி என்று அறிவித்தார்கள். நீலக் கோட்டு ஏறியது. அப்போது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? ஆறாவது அணியின் சீட்டில் ஒன்பது நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தாள், அந்த ஒன்று ஏழு மாதிரித் தெரிந்தது, பேனாவால் அதன்மேல் இன்னொரு கோடு போட்டாள், அப்புறம் அது திருத்தியது மாதிரித் தெரிகிறதே என்று பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டாள். பத்து விநாடி. பதினைந்தும் இருக்கலாம். பிறகு தண்ணீர் குடித்தாள், இரண்டு மடக்கு. பிறகு விடுதி அறையில் இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்ற நினைப்பு வந்தது, அது காலையிலிருந்து நான்காவது தடவையாக வருகிறது. பொத்தானை மேலே தள்ளியது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது இன்றைக்கா நேற்றைக்கா, டீ சர்ட்டின் கழுத்துப் பக்கம் இன்னும் கசங்கியிருக்கிறதே, அப்படியென்றால் அவசரத்தில் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தோமா, அறைத்தோழி ஊருக்குப் போய்விட்டாள், கதவு பூட்டியிருக்கிறது, மெத்தைமேல் வைத்தோமா மேஜைமேல் வைத்தோமா. இதற்கு எவ்வளவு நேரம்? அவள் இப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அதையெல்லாம் மறுபடி ஒருமுறை நினைத்துப் பார்த்தாள், பொத்தான், கழுத்து, அறைத்தோழி, மெத்தை, மேஜை. பதினோரு விநாடி. ஆனால் அப்போது இவ்வளவு வேகமாக நினைத்திருக்க மாட்டாள், அப்போது அசமந்தமாக, ஒவ்வொன்றிலும் நின்று நின்று நினைத்திருப்பாள். ஒரு நினைப்பை இரண்டாம் தடவை நினைத்தால் அது சுருங்கிவிடுகிறது, துவைத்த பருத்தித் துணி மாதிரி. எவ்வளவு சுருங்கியது என்று எதை வைத்து அளப்பது. அப்புறம் திங்கட்கிழமை நேர்காணல். அடுத்த வருடத்து விழாவை நடத்தப்போகும் மையக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள், அவளும் பெயர் கொடுத்திருக்கிறாள், அங்கே என்ன சொல்வது என்று யோசித்தாள், ‘பொறுப்பு என்றால்’ என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். அந்த வாக்கியம் இப்போது ஞாபகம் வந்தபோது அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எல்லாம் சேர்ந்து நாற்பது விநாடி என்று வைத்துக்கொள்ளலாமா? ஐம்பது? அப்படியென்றால் பிரச்சினையே இல்லை. இவர்கள் பாட்டு எவ்வளவு நீளமோ தெரியாது, ஒன்பது நிமிடத்துக்குள் இறங்கிவிட்டால் தப்பித்தார்கள். இறங்கிவிடுங்கள், தாயே, சீக்கிரம் இறங்கிவிடுங்கள் என்று அவள் முன்பின் தெரியாத பத்துப் பெண்களை மனசுக்குள் கும்பிட்டாள். எந்தக் கல்லூரி என்றுகூடத் தெரியாது. பாரபட்சம் வரக்கூடாதென்று எண் மட்டும்தான் கொடுப்பார்கள்.

அவள் அப்பா சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். அந்தப் பெருமையை இங்கே வந்து அவிழ்த்துவிட்டதால்தான் இந்த வேலையே அவளுக்கு வந்தது. வேலை பிரிக்கிற கூட்டத்தில், எங்க வீட்டிலேயே நேரம் பார்க்கிறதுதான் தொழில் என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், அப்படியானால் நீயே பார் என்று எழுதிக்கொண்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அப்பாவின் கூண்டு மாதிரியான அறையில் ஒரு நீண்ட நோட்டு இருக்கும், வண்டி எண், வந்த நேரம், போன நேரம். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். தனியார் வண்டிக்காரர்கள் சன்னலில் தலையை நுழைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் கொறச்சுப் போடுங்கண்ணே என்று கெஞ்சுவார்கள், முன்னால் போன வண்டி ஆளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது என்பார்கள். அப்பா தலையைத் தூக்காமலே, “நேரத்த நானா வைக்கேன், நடந்தத எழுதுதேன், போவேய்” என்பார். அது ஒன்றும் பெரிய கொள்கை இல்லை, யாரோடும் மல்லுக்கட்ட அவருக்குத் தெம்பு கிடையாது, அவ்வளவுதான். ஆனால் அவர் நோட்டில் நடந்தது இருந்தது. நடந்தது என்னவென்றே தெரியாதபோது என்ன எழுதுவார்? அப்படி ஒரு நாள் அவருக்கு வந்திருக்குமா? டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு வண்டி கிளம்பியிருக்காதா, வந்து உட்கார்ந்து நாலு மணி பத்து என்று அடித்துவிட்டிருக்க மாட்டாரா? அடித்திருப்பார். எல்லாரும்தான் அடிப்பார்கள். நானும் ஒன்பது ஐம்பது என்று அடித்துவிட்டுப் போகிறேன். மூன்று நிமிடம் நாற்பது. நடுவர் மேஜையில் மூன்று பேர், நடுவில் இருக்கும் நரைத்த தலை அம்மாள் நாற்பது வருடம் ஆடியவர் என்று சொன்னார்கள், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேடையையே பார்க்கிறார். எழுந்து போய் இப்போதே சொல்லிவிட்டால் என்ன? மேடம், நான் கடிகாரத்தைப் போடவில்லை. அரங்கம் முழுக்கத் திரும்பும். யார் அது, நேரம் பார்க்கிற பிள்ளையா, தூங்கிவிட்டாளாம். நேரம் தெரியாவிட்டால் அந்த அணி மறுபடி ஆட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதா? இருந்தால் அந்தப் பெண்கள் இந்த வியர்வையோடு மறுபடி முதலிலிருந்து குனிந்து நிமிர வேண்டும். அவளுக்கு உள்ளங்கை ஈரமாகிக் கடிகாரம் வழுக்கியது, துப்பட்டா இல்லாத இந்த டீ சர்ட்டில் கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் முழங்காலில் துடைத்தாள்.

மஞ்சள் கொடி. அதை மறந்தே போனாள். எட்டாவது நிமிடத்தில் காட்ட வேண்டும், ஆனால் எந்த எட்டாவது நிமிடம்? கூட்டியது ஒரு நிமிடம் என்றால் கடிகாரத்தில் ஏழு வரும்போது. ஒன்றரை என்றால் ஆறரையில். நாற்பது விநாடி என்றால் ஏழு இருபதில். ஆறரையில் காட்டி, அது தப்பாக இருந்து, அவர்கள் பதறிப்போய் ஆட்டத்தைச் சுருக்கிவிட்டால் அதுவும் பாவம். ஆறு முப்பது வந்தது, கொடியை எடுத்தாள், மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு நாற்பது. பாட்டு இப்போது அடங்கிவிட்டது, பத்துப் பேரும் தரையில் உட்கார்ந்து வெறுங்கையால் எதையோ அள்ளி அள்ளிக் கூடையில் போடுவது மாதிரி ஆடினார்கள், மூக்கைச் சுளிக்கவில்லை, அழவும் இல்லை, சும்மா வேலை செய்கிற முகம். அரங்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஆறு ஐம்பத்தைந்து. ஏழு. அவள் கொடியைத் தூக்கினாள். நீலக் கோட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். ஒரு கணம்தான், ஆடிக்கொண்டே பார்த்தாள், அவள் முகத்தில் இருந்த இறுக்கம் அவிழ்ந்தது, கிட்டத்தட்டச் சிரித்தாள். அப்பாடா என்கிற முகம். கொடி இவ்வளவு தாமதமாக வந்தால் கூட்டியது ஒரு நிமிடம்தான் என்று அவளுக்குக் கணக்குப் புரிந்திருக்கிறது. இசக்கிக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் பகீரென்றது. இன்னும் எதையும் எழுதவில்லை, கையெழுத்துப் போடவில்லை, ஆனால் பொய் சொல்லியாயிற்று.

அப்போதுதான் அதுவரை அவள் சுற்றிச் சுற்றித் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஒன்று எதிரே வந்து நின்றது. இஸ்திரிப் பெட்டிக்கும் நேர்காணலுக்கும் நடுவில், இல்லை, இரண்டுக்கும் பிறகு, அவள் நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். இன்னுமா கூட்டுகிறாள் இந்தக் கன்னியம்மா என்று எரிச்சல் வந்தது, அட்டவணை ஏற்கெனவே இருபது நிமிடம் பின்தங்கியிருந்தது. அவள் கையை நீட்டி, சீக்கிரம், சீக்கிரம், இறங்கு என்று விரல்களை உதறினாள். அந்தப் பெண் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து தொடர்ந்து கூட்டினாள். இவளுக்குக் காது கேட்காதா என்று இசக்கி இன்னொரு தரம் கையை உதறினாள். முகத்தைப் பார்த்திருந்தால் கன்னியம்மா இல்லை என்று தெரிந்திருக்கும், அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும், கன்னியம்மாவுக்கு நாற்பது, உயரம்கூட வேறு. ஆனால் அவள் கோட்டைப் பார்த்துக் கையை உதறினாள். அதற்கப்புறம் எவ்வளவு நேரம்? அதற்கப்புறம்தான் பின்வரிசையிலிருந்து எவனோ, “அக்கா, அப்படியே ஒரு ஸ்டெப்பு போடுங்க” என்று கத்தினான். அரங்கம் முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். அவள், இசக்கி, அவளும் சிரித்தாளா? உதடு கோணியது ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்குகிற இடத்தில்தான் அந்தப் பெண் துடைப்பத்தின் அடியைத் தரையில் இரண்டு முறை தட்டினாள், பறை வெடித்தது. இதெல்லாம் நாற்பது விநாடியில் நடக்காது. ஐம்பதிலும் நடக்காது. ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டு தூக்கிய கொடி அவள் மடியில் கிடந்தது, அதைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

எட்டு நிமிடம் பத்து விநாடியில் கடைசிப் பெண் மேடையை விட்டு இறங்கினாள், இசக்கி அழுத்தினாள். அரங்கம் எழுந்து நின்று கத்தியது. யாரோ தோளைத் தொட்டார்கள், ஜோயல். கையில் சோளப்பொரி. செமையாமே, வாசல்வரைக்கும் சத்தம் கேட்டுச்சு என்றான், அவள் கையிலிருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்தான், எட்டு பத்தா, ரொம்பப் பத்திரமான நேரம் என்று சொல்லிவிட்டு, எப்போதும் செய்வது போலவே, காலிச் சீட்டின் அடியில் தன் கையெழுத்தை முதலில் போட்டு அவளிடம் நீட்டினான். அவன் கையெழுத்துக்கு மேலே நேரத்துக்கான கட்டம் வெள்ளையாக இருந்தது. எட்டு பத்து என்று எழுதினால் போதும். ஒன்பது ஐம்பதுகூட வேண்டாம், கடிகாரத்தில் இருப்பதையே எழுதலாம், பொய்யே இல்லை. அவள் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள், நடுவர் மேஜைக்குப் போகாமல் மேடையின் பக்கவாட்டுப் படிக்குப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, கால் போயிற்று. கன்னியம்மா கோட்டைத் திரும்ப வாங்கி உதறிக்கொண்டிருந்தாள். அவளிடம் இசக்கி மெதுவாக, அந்தப் பெண் பாட்டுக்கு முன்னால் எவ்வளவு நேரம் பெருக்கினாள் என்று கேட்டாள். கன்னியம்மாவுக்கு நிமிடமெல்லாம் தெரியாது.

“ரெண்டு வாட்டி பெருக்கிச்சும்மா. அந்தாண்ட கோடிலேர்ந்து இந்தாண்ட கோடி வரைக்கும் ஒரு வாட்டி. யாருமே பாக்கல. மறுபடியும் மொத்தத்தையும் ஒரு வாட்டி. நான் பெருக்கற மாதிரியேதான், நேத்து நான்தான் சொல்லிக் குடுத்தேன்.” கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டே, “நீகூட கைய ஆட்டினியே” என்றாள். குறையாகச் சொல்லவில்லை.

ஒரு நிமிடம் இருபத்தைந்து, இன்னொரு ஒரு நிமிடம் இருபத்தைந்து. இரண்டு ஐம்பது. எட்டு பத்தோடு சேர்த்தால் பதினொன்று. இசக்கி படியில் நின்று இதை மூன்று தடவை கூட்டினாள், மூன்று தடவையும் பதினொன்றுதான் வந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம். ஒரு நிமிடத்துக்கு முன்புவரை அவளுக்கு உண்மையிலேயே தெரியாது, தெரியாதவள் எதை எழுதினாலும் அது தப்பே ஒழியப் பாவம் இல்லை, இப்போது அந்த வசதியும் போய்விட்டது. நடுவர் அம்மாள் கையசைத்துக் கூப்பிட்டார். சீட்டு எங்கேம்மா என்றார். இசக்கி வாயைத் திறந்தாள், வராது என்று நினைத்தாள், வந்துவிட்டது. பாட்டு வந்தபோதுதான் கடிகாரத்தைப் போட்டேன் மேடம், எட்டு பத்து, ஆனால் அதற்கு முன்பே மேடையில் ஆள் இருந்தார்கள், கூட்டிக்கொண்டிருந்தவங்க, மேடை காலின்னு நினைச்சுட்டேன். சொல்லும்போதுதான் அது எப்படி இருக்கிறது என்று அவள் காதுக்குக் கேட்டது. மூன்று நடுவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நரைத்த தலை அம்மாள் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். தானும் முந்தைய அணியின் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருந்ததாகவும், அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் தலை நிமிர்ந்ததாகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். மற்ற இருவரும் தங்கள் தாள்களை அடுக்கத் தொடங்கினார்கள், அவர்களும் அப்படித்தான் என்பது தெரிந்தது. பிறகு அணித்தலைவியைக் கூப்பிடச் சொன்னார்கள். அதே பெண், கூட்டியவள், வியர்வை சொட்ட வந்து நின்றாள், தலைத்துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது. பாட்டுக்கு முன்னால் கூட்டுவது எவ்வளவு நேரம் என்று அம்மாள் கேட்டார்.

“நீங்க பாக்கற வரைக்குங்க மேடம்.”

அம்மாளுக்குப் புரியவில்லை, அந்தப் பெண் விளக்கினாள், ஈரோட்டுப் பக்கத்துப் பேச்சு. அரங்கம் மொத்தமும் மேடையைப் பார்க்கும்வரை கூட்டுவது, பார்த்ததும் துடைப்பத்தைத் தட்டுவது, தட்டினால் பாட்டு. அவர்கள் கல்லூரியில் ஆடியபோது அரை நிமிடத்தில் பார்த்துவிட்டார்கள், அங்கே எல்லாருக்கும் அவளைத் தெரியும். இங்கே பெரிய ஊர், கொஞ்சம் கூட ஆகும் என்று பாட்டைக் குறைத்துக்கொண்டு வந்தார்களாம்.

“ரெண்டு நிமிசத்துக்குள்ள பாத்துருவீங்கன்னு நெனச்சோங்க. பாட்டு எட்டு நிமிசம் பத்து விநாடிங்க, ரெண்டு நிமிசத்துக்குப் பத்து விநாடி கொறச்சுப் பாத்துட்டாப் போதும்னு.” அவள் இசக்கியைப் பார்த்தாள். “மஞ்சக் கொடி ஏழாவது நிமிசத்துல தானுங்களே வந்துச்சு.”

அது நான் குத்துமதிப்பாத் தூக்கினது என்றாள் இசக்கி. இரண்டு தடவை கூட்டியிருக்கீங்க, மொத்தம் பதினொரு நிமிஷம். அந்தப் பெண்ணின் முகத்தில் அந்த அப்பாடா கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுவதை இசக்கி நின்று பார்க்க வேண்டியிருந்தது. நரைத்த தலை அம்மாள் அவசரமாகக் குறுக்கிட்டார், இன்றைக்குத் தான் பார்த்ததிலேயே இதுதான் ஆட்டம் என்றார், அவர் கை மேஜையில் இருந்த மதிப்பெண் தாளை மூடிக்கொண்டிருந்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்த மாதிரிதான். “விதி காலி மேடையிலேர்ந்துதானே. மேடை எப்போ காலி, எப்போ இல்லைன்னு சொல்ல வேண்டியது நீதாம்மா. பாட்டு வர்றவரைக்கும் காலின்னு நீ எழுதினா நேரம் எட்டு பத்து. நாங்க ஒத்துக்கறோம்.” ஜோயல் பின்னாலிருந்து, எழுதேன் என்று கிசுகிசுத்தான். எழுதலாம். எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள், யாருக்கும் நஷ்டமில்லை, அந்தப் பெண்கள் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள், திங்கட்கிழமை நேர்காணலில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், ஒரே ஒரு சொல், அதுவும் நான்கு நிமிடத்துக்கு முன்பு அவளே சொன்ன சொல். அவள் பேனாவைத் திறந்தாள். அந்தப் பெண் மேஜைமேல் இருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்குப் பின்னால் ஒன்பது பேர் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“காலின்னு மட்டும் எழுதிறாதீங்க” என்றாள். குரல் உடைந்துவிட்டது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இசக்கி பதினொன்று என்று எழுதினாள். ஒன்றும் ஒன்றும், இரண்டு கோடு, அவ்வளவுதான், ஏழு மாதிரி தெரியாமல் இந்த முறை சரியாக விழுந்தது. கீழே கையெழுத்துப் போட்டாள். நரைத்த தலை அம்மாள் சீட்டை வாங்கிப் படிக்காமல் கவிழ்த்து வைத்தார். அந்தப் பெண் திரும்பிப் போனாள், போகிறவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இசக்கிக்குத் தொண்டைவரை வந்தது, மன்னிப்பு என்பது போல ஏதோ, ஆனால் கையை உதறியதற்கா, கொடிக்கா, எழுதியதற்கா என்று பிரிக்கத் தெரியாமல் நின்றாள், அதற்குள் அந்தப் பத்துப் பேரும் ஒரே கும்பலாக ஒன்றாகி வெளியே போய்விட்டார்கள். அவள் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜோயல் பக்கத்தில் உட்கார்ந்தான், சோளப்பொரியைச் சாப்பிடவில்லை.

தொகுப்பாளர் எட்டாம் எண் அணியை அறிவித்தார், வழக்கம்போலச் சீக்கிரமாகவே. கன்னியம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு துடைப்பத்தோடு ஏறினாள். இந்த முறை அரங்கம் பார்த்தது. முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள், பிறகு நிறையப் பேர் தட்டினார்கள், ஒருத்தன் விசிலடித்தான். கன்னியம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள், என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், அப்புறம் குனிந்து அவசர அவசரமாகப் பெருக்கினாள், இடது மூலையில் ஜிகினா கொஞ்சம் அப்படியே கிடந்தது. பார்ப்பதா, பார்க்காமல் இருப்பதா என்று இசக்கிக்குத் தெரியவில்லை. பார்த்தால் அந்தக் கைதட்டலில் தானும் சேர்ந்தது மாதிரி இருந்தது, குனிந்துகொண்டால் மறுபடி பழையபடி. தன் கட்டைவிரல் கடிகாரத்தை ஓடவிட்டிருப்பதை அவள் கன்னியம்மா படியிறங்கும்போதுதான் கவனித்தாள். ஒரு நிமிடம் ஐந்து. அதை எழுத எந்தச் சீட்டிலும் கட்டம் இல்லை. அழித்தாள், நான்கு பூச்சியங்கள் வந்து நின்றன. மேடையைப் பார்த்தாள், அது காலியாக இருந்தது. நிச்சயம்தானா என்று இன்னொரு முறை பார்த்தாள்.